இரண்டு நாற்பதுகள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்குக் கரையோரமாக நீளும் ஊர்களில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நாற்பது நாள் ராஜபோகம். வேது வைத்துக் குளிப்பாட்டுவார்கள். சோற்றோடு சரக்குக் கறியும் சுறா வறையும் வரும். உம்மா பக்கத்திலேயே படுப்பார். மாப்பிள்ளையின் படுக்கை வேறு அறைக்குப் போயிருக்கும். நாற்பதாம் நாள் குளிப்போடு எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வரும்: தொழுகை, அடுப்படி, கணவன். அன்று காலை வரை பொத்திப் பொத்திப் பாதுகாத்த உடம்பு அன்றிரவே பழையபடி ஆகிவிட்டது என்று வீடு முடிவு செய்துவிடும். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு நாற்பது வயதில் வருகிறது. மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசும் வயது அது. மாதவிலக்கு முன்னே பின்னே போகும், இரவில் வியர்க்கும், தூக்கம் கலையும். இந்த இரண்டு நாற்பதுகளுக்கும் இடையில் ஏராளமான பெண்களுக்குத் தாம்பத்தியத்தில் விருப்பம் குறைகிறது. சிலருக்கு அறவே நின்றுபோகிறது. ஊரிடம் இதற்கு ஆயத்தமாக இருக்கும் விளக்கங்கள் இரண்டு. "புள்ள பெத்தா அப்பிடித்தான்", "வயசு போனா அப்பிடித்தான்". வாய்விட்டுச் சொல்லப்படாத மூன்றாவது விளக்கம், அவள் கடமையில் தவறுகிறாள் என்பது. மருத்துவம் இந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் கண்டதையும் நம் கரையோர வீடுகள் கட்டப்பட்டிருக்கும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றுமே நிற்காது. விருப்பக் குறைவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வலி, களைப்பு, தனிமையின்மை, பயம் ஆகியவற்றுக்கு உடம்பு கொடுக்கும் நியாயமான பதில்தான் என்பது என் முடிவு.

முதலில் நாற்பதாம் நாளையே எடுத்துக்கொள்வோம். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அந்தச் சட்ட நூல்களில் பிள்ளைப்பேற்று உதிரமான நிபாஸுக்கு வழமையான காலம் 40 நாள், உச்சவரம்பு 60 நாள். உதிரம் நின்று குளிக்கும் வரை கூடுவது தடை. தடை நீங்கினால் அனுமதி வருகிறது, அவ்வளவுதான். அந்த அனுமதியை ஊர் வழக்கம் கட்டளையாக மாற்றி வைத்திருக்கிறது. நவீன மருத்துவமும் ஆறு வாரம் என்றே சொல்லி வந்ததால் இரண்டு கணக்கும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன.

பெண்கள் உண்மையில் எப்போது மீள்கிறார்கள் என்பதை மெல்பேர்னில் முதற்பிள்ளை பெற்ற 1,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில் ஆறு வாரத்துக்குள் உடலுறவுக்குத் திரும்பியவர்கள் 41 வீதம்தான். பன்னிரண்டு வாரத்தில் 78 வீதம், ஆறு மாதத்தில் 94 வீதம். திரும்பினார்கள் என்பதற்கு விரும்பித் திரும்பினார்கள் என்று பொருளில்லை. இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் நடந்த இன்னோர் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதத்தில் 83 வீதமான பெண்களுக்கு ஏதோவொரு பாலியல் சிக்கல் இருந்தது. ஆறு மாதம் ஆகியும் 64 வீதமானோருக்கு அது தீரவில்லை. சிக்கல் இருந்தவர்களில் அதைச் சுகாதாரப் பணியாளர் ஒருவரிடம் வாய்திறந்து சொன்னவர்கள் 15 வீதம் மட்டுமே. கூச்சம் நம் ஊருக்கு மட்டும் உரிய சொத்து என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரஜன் சட்டென்று கீழே விழுகிறது. தாய்ப்பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின் ஏறுகிறது. புரோலக்டின் ஏறி நிற்கும் காலமெல்லாம் சூலகம் அரைத் தூக்கத்தில் இருக்கும், ஈஸ்ட்ரஜன் எழும்பாது. ஈஸ்ட்ரஜன் இல்லாத இடத்தில் யோனித் தோல் மெலிந்து வரண்டுபோகும். பால் கொடுக்கும் 25 வயதுப் பெண்ணின் யோனி, அந்த மாதங்களில், மாதவிலக்கு நின்ற 55 வயதுப் பெண்ணின் நிலையை ஒத்திருக்கும். இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்வதாக 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு சொல்கிறது. உலகம் மெச்சும் எண் அது. பால் கொடுக்கும் அந்தத் தாய்மாரில் பலருக்கு வரட்சி வரும் என்பதை மட்டும் கிளினிக்கில் ஒருவரும் சொல்லிவிடுவதில்லை.

வரட்சியோடு தையல் சேர்கிறது. முதற்பிள்ளையின்போது யோனி வாசலில் வெட்டிப் போட்ட தையல் மேலே ஆறினாலும் உள்ளே தழும்பு இறுகி நிற்கலாம். திரும்பச் சேரும் முதல் இரவு வலிக்கிறது. இரண்டாவது தடவை வலி வருமோ என்ற பயத்தில் தசை தானாக இறுகுகிறது, இறுகினால் இன்னும் வலிக்கிறது. மூன்றாவது தடவைக்குள் உடம்பு பாடம் படித்துவிடும். கணவன் பக்கத்தில் வந்து படுத்தாலே இடுப்புத் தசை விறைக்கும். இதற்குப் பிறகு அவள் "எனக்கு விருப்பமில்ல" என்று சொன்னால், அது அவள் மனத்தைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொள்வது தவறு. எரிந்த அடுப்பில் கைவைக்க யாருக்கு விருப்பம் வரும்?

இங்கே நாட்டு மருந்தின் ஒரு பக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. வேதும் சரக்கும் இருக்கட்டும். உடம்புக்குச் சூடும் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைக்கச் செய்தவை அவை. ஆனால் "பழையபடி இறுக்கமாக்க" என்று மாசிக்காய்த் தூளும் படிகார நீரும் பயன்படுத்தும் வழக்கம் மலாய் நாடு வரைக்கும் உண்டு. இப்போது அதையே குளிசையாக, ஜெல்லாகப் பெட்டியில் போட்டு முகநூலில் விற்கிறார்கள். மாசிக்காயும் படிகாரமும் துவர்ப்புப் பொருள்கள், ஈரத்தை உறிஞ்சுபவை. வரண்டு வெடித்திருக்கும் தோலை மேலும் வரட்டுவதால் வரும் இறுக்கம் உராய்வுதான். ஆணுக்காகச் செய்யப்படும் இந்த வைத்தியத்தின் செலவைப் பெண் வலியாகக் கட்டுகிறாள்.

வலி இல்லாத பெண்களிடமும் விருப்பம் குறையலாம். பிள்ளை பெற்ற ஆண்டில் தைரொயிட் சுரப்பி அழன்று முதலில் வேகமாகவும் பிறகு மந்தமாகவும் இயங்குவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு நடக்கிறது. இரத்தச்சோகை சாதாரணம். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு பலருக்கு வருகிறது; அழுகையாக மட்டுமே அது வெளிப்படும் என்பதில்லை, எதிலும் ருசி இல்லாமல் போவதும் அதுவே. அதற்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சிலவும் ஆசையைக் குறைக்கும். மூன்று மாத ஊசி, கைக்குள் வைக்கும் குச்சி, மாத்திரை ஆகிய குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள் எல்லாருக்கும் விருப்பத்தைக் குறைப்பதில்லை; சிலருக்குக் குறைக்கின்றன. அவர்கள் வேறு முறைக்கு மாறலாம். யாரிடமும் கேளாமல் நிறுத்திவிட்டு அடுத்த பிள்ளையைச் சுமப்பதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது.

தூக்கத்தைப் பற்றி ஓர் எண். அமெரிக்காவில் 171 இளம்பெண்களை அன்றாடம் கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், இரவில் ஒரு மணிநேரம் கூடுதலாகத் தூங்கிய பெண் மறுநாள் துணையுடன் கூடும் வாய்ப்பு 14 வீதம் அதிகமாக இருந்தது. அவர்கள் கல்லூரிப் பெண்கள். மூன்று மணிக்கொருதரம் எழும்பிப் பால் கொடுக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையை இரவில் ஒரு தரம் தூக்கித் தோளில் போட்டு ஆட்டும் வாப்பா, எந்த லேகியத்தையும் விடப் பெரிய மருந்து.

இனி வீட்டுக்கு வருவோம். கிழக்குக் கரையில் திருமணமானதும் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு சீதனமாக மகள் பெயரில் எழுதப்படுகிறது; குடிமுறையும் தாய்வழியில் போகிறது. 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டிலோ வட இந்தியாவிலோ மாமியார் வீட்டில் மருமகள் படும் பாடு இங்கே பெரும்பாலும் இல்லை. பிள்ளைப்பேற்றின்போது பெண் தன் உம்மாவின் கையில் இருக்கிறாள், இது பெரிய கொடை. ஆனால் அதே ஏற்பாட்டில் ஒரு முடிச்சும் இருக்கிறது. இளைய தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடியும் வரை மூத்த மகளும் மருமகனும் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே கூரைக்கு அடியில். கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் காணிக்கு எங்கே போவது? 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகள் அடியோடு அழிந்தன. அதன் பின் எழுந்த தொடர்மாடிகளிலும் வீட்டுத் திட்டங்களிலும் அறைகள் சிறியவை, சுவர்கள் மெல்லியவை. பதின்மூன்று வயது மகன் திரைச்சீலைக்கு அப்பால் படுத்திருக்கும்போது எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? ஆணுக்கு வருகிறதே என்பார்கள். வரலாம். மறுநாள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூசுவது உம்மாதான்.

கட்டாரிலும் சவூதியிலும் கணவன்மார் இருக்கும் வீடுகளின் கதை வேறு. இரண்டு வருட ஒப்பந்தம், ஒரு மாத விடுமுறை. அவர் வந்திறங்கும் நாளிலிருந்து அந்த மாதம் முழுக்க உறவினர் விருந்து. இரவில் இரண்டு வருடப் பாக்கி. தனியாகப் பிள்ளை வளர்த்து, கடன் கட்டி, வீட்டு வேலை பார்த்து, எல்லாவற்றையும் ஒற்றையாளாக முடிவெடுத்துப் பழகிய பெண்ணுக்கு, விமான நிலையத்திலிருந்து வந்த ஒருவரை மறுபடி அறிந்துகொள்ளவே இரண்டு வாரம் வேண்டும். அதற்குள் விடுமுறையில் பாதி முடிந்துவிடும். போர்க்களத்துக்குப் போன படைவீரர்களைச் சில மாதங்களுக்கு மேல் மனைவியரைப் பிரிந்து வைத்திருக்கக் கூடாது என்று கலீபா உமர் விதித்ததாகவும், அதற்கு முன் ஒரு பெண்ணால் எவ்வளவு காலம் பொறுக்க முடியும் என்று தம் மகள் ஹஃப்ஸாவிடம் கேட்டதாகவும் வரலாறு உண்டு. கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது என்பதைப் பாருங்கள்: ஒரு பெண்ணிடம். நம் காலத்தில் இந்த வரலாறு பள்ளிவாசல் பயான்களில் காதில் விழுவது அரிது.

பயான்களில் காதில் விழுவது, கணவன் அழைத்து மனைவி மறுத்தால் விடியும் வரை மலக்குகள் சபிப்பார்கள் என்ற ஹதீஸ். அதை நான் மறுக்க வரவில்லை. ஹதீஸுக்கு விளக்கம் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலின் திருமண ஒழுக்கம் பற்றிய பகுதியில் கணவனுக்குச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். பேச்சும் முத்தமும் முன்னே போகட்டும் என்கிறார் அவர். தன் தேவை முடிந்ததும் எழுந்துவிடாமல் அவளுடைய தேவை நிறைவேறும் வரை காத்திரு என்கிறார். மனைவியின் சம்மதமில்லாமல் விந்தை வெளியே விடுவதைப் பல சட்டவறிஞர்கள் வெறுத்ததற்கு ஒரு காரணம், இன்பத்தில் அவளுக்கும் பங்கிருக்கிறது என்பது. ஒன்பது நூற்றாண்டுக்கு முன் எழுதியவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியிருக்க, மிம்பரில் நிற்பவர் பாதியை விழுங்கிவிடுகிறார்.

பயத்தையும் சொல்லியாக வேண்டும். 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி இரண்டாம் மணத்துக்கு முதல் மனைவியின் சம்மதம் தேவையில்லை; காதிக்கு அறிவித்தால் போதும். உண்மையில் இரண்டாம் தாரம் கட்டுபவர்கள் சிலர்தான். ஆனால் "இப்பிடியே இருந்தா அவர் வேற பாத்துருவார்" என்று ராத்தாவும் மாமியும் சொல்லும் வார்த்தை ஒவ்வோர் இரவும் அந்த அறைக்குள் படுத்திருக்கும். அச்சத்தால் இணங்கலாம், அச்சத்தால் ஆசை பிறக்காது. ஆசைக்கு முடுக்கியும் தடையும் தனித்தனியாக உண்டு என்று பாலியலை ஆராயும் கின்சி நிறுவனத்தில் பணியாற்றிய பான்கிராஃப்டும் யான்சனும் சொன்னார்கள். விருப்பம் குறைந்த பெண்களில் பலருக்கு முடுக்கி பழுதில்லை; தடை அமுங்கியபடி இருக்கிறது.

அதிகம் பேசப்படாத இன்னொன்று பெண்பிள்ளைக்குச் செய்யும் சுன்னத்து. பிறந்து நாற்பது நாள் அளவில் ஒஸ்தா மாமி வந்து செய்துவிட்டுப் போவது நம் பகுதியில் தொடர்கிறது. சிறு கீறல்தான் என்பார்கள். கீறலிலிருந்து தோலை அகற்றுவது வரை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதே இலங்கைப் பெண்கள் கொடுத்த சாட்சியம். வைத்தியர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுகாதார அமைச்சு 2018-இல் சுற்றறிக்கை விட்டது. உலக சுகாதார நிறுவனம் இதன் எல்லா வகைகளையும் தீங்கு என்றே வகைப்படுத்துகிறது. நடுவயதில் ஒருத்திக்கு விருப்பம் குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இன்பத்துக்கென்றே அமைந்த உறுப்பின்மேல் கத்தி வைத்துவிட்டு, முப்பது வருடம் கழித்து அவளுக்கு ஆசை போதாது என்று குறைசொல்வதில் மட்டும் நியாயமில்லை.

ஆசை என்பதைப் பற்றிய மருத்துவத்தின் எண்ணமே மாறியிருக்கிறது. 1966-இல் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜோன்சனும் பாலுணர்வு படிப்படியாக ஏறி இறங்கும் கோட்டை வரைந்தார்கள். பிறகு ஹெலன் கப்லான் அதற்கு முன்னால் ஆசை என்ற படியைச் சேர்த்தார். முதலில் பசி, பிறகு சாப்பாடு என்ற வரிசை. கனடிய வைத்தியர் ரோஸ்மேரி பாசன் 2000-இல் அதைத் தலைகீழாக்கினார். நெடுங்கால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை தானாக முதலில் வருவதில்லை. நெருக்கம், அன்பான பேச்சு, அவசரமற்ற தொடுகை இவற்றுக்குப் பிறகு உடம்பு விழிக்கிறது; அதன் பிறகே ஆசை. புதுமணக் காலத்துத் தானாகப் பொங்கிய ஆசை இப்போது இல்லையே என்று கவலைப்படும் பெண்ணுக்கு இது ஆறுதல் தரும் செய்தி. இதைக் கணவன் வற்புறுத்தலுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "தொடங்கினா உனக்கும் வரும்" என்பது பாசன் சொன்னதல்ல. தொடங்க அவளுக்கே ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது.

கவலையே இல்லாத பெண்ணும் உண்டு. அமெரிக்காவில் 31,581 பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில் ஆசை குறைவு என்றவர்கள் ஏறத்தாழ 39 வீதம். அதனால் தமக்கு மனவேதனை என்றும் சொன்னவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். 45 முதல் 64 வயதுவரை அது கொஞ்சம் கூடுதல். வேதனை இருந்தால் மட்டுமே, அதுவும் ஆறு மாதம் நீடித்தால் மட்டுமே, 2013-இல் வந்த அமெரிக்க உளநோய்க் கையேடு இதைக் கோளாறு என்கிறது. ஆகவே வைத்தியர் முதலில் கேட்க வேண்டியது, "இது உங்களுக்குக் கவலையா, அவருக்கா?" என்பதை.

இரண்டாவது நாற்பதில் சங்கதி சற்று மாறுகிறது. மாதவிலக்கு நிற்பது ஐம்பதை ஒட்டி. அதற்குப் பல வருடம் முன்பே ஈஸ்ட்ரஜன் ஏறி இறங்கத் தொடங்கும். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. வரட்சிக்கு யோனிக்குள் இடும் ஈஸ்ட்ரஜன் கிறீம் உடம்புக்குள் மிகக் குறைவாகவே ஊறும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் வைத்தியரோடு தனியே பேச வேண்டும். ஆனால் ஹோர்மோன் மட்டுமே எல்லாம் என்று நினைக்க வேண்டாம். மெல்பேர்னில் 1991 தொடக்கம் 438 நடுவயதுப் பெண்களை வருடாவருடம் பின்தொடர்ந்த லொரேன் டென்னர்ஸ்டைன், ஹோர்மோன் அளவைக் காட்டிலும் கணவன் மீது அவள் கொண்ட உணர்வும் முந்திய காலத்து அனுபவமும்தான் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். முதல் நாற்பதுக்குப் பின் வலியோடு பொறுத்துக்கொண்டவள் இரண்டாம் நாற்பதில் அதற்கு வட்டி கட்டுகிறாள் என்று இதை நான் வாசிக்கிறேன்.

கணவனின் உடம்பும் கணக்கில் உண்டு. இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருப்பதாக 2005-06 தேசிய அளவீடே காட்டியது. நீரிழிவு ஆணின் விறைப்பைக் குலைக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு விலகிப்போகும் கணவனைப் பார்த்துத் தன்னை வேண்டாம் என்கிறார் என்று நினைத்து அவளும் விலகுவாள். "அவளுக்கு விருப்பமில்ல" என்று வெளியே சொல்லப்படும் சில வீடுகளில் கதை இதுதான்.

பெண்ணுக்கான மாத்திரை இல்லையா என்று கேட்பார்கள். வயாகராவைப் பெண்களுக்குப் பரிசோதித்த ஃபைசர் நிறுவனம் 2004-இல் கைவிட்டது. பிளிபன்செரின் என்ற மாத்திரை இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; தினமும் விழுங்கினால் மாதத்துக்கு நிறைவான ஒரு கூடல்கூட முழுதாக அதிகரிப்பதில்லை, தலைச்சுற்றும் மயக்கமும் உபரி. 2019-இல் வந்த ஊசிமருந்தின் பலனும் சிறிதே. மாதவிலக்கு நின்றபின் வேதனை தரும் ஆசைக்குறைவுக்கு அளந்து கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் உதவுகிறது என்று 2019-இல் உலக மருத்துவச் சங்கங்கள் கூடி ஒத்துக்கொண்டன; வேறெதற்கும் அது வேண்டாம் என்றும் சொல்லின. பெயரில்லாத லேகியத்தையும் தேன் பொட்டலத்தையும் நம்பவே வேண்டாம். அப்படிப்பட்ட பொருள்களில் வயாகராவின் மருந்தை ஒளித்துக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

பலன் தருபவை மலிவானவை. நீரில் கரையும் வழுக்கு ஜெல் பாமசியில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயும் சிலருக்கு உதவும், ஆனால் ஆணுறை போடுபவர்கள் எண்ணெய் தொடக் கூடாது, றப்பர் கிழியும். இடுப்புத் தசையை இறுக்கவும், முக்கியமாகத் தளர்த்தவும், பயிற்சி உண்டு. 1970-இல் மாஸ்டர்ஸும் ஜோன்சனும் எழுதிய முறை இன்றும் பயன்படுகிறது: சில வாரங்களுக்குக் கூடலே இல்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டு, தொடுவதோடு நிறுத்துவது. முடிவில் என்ன கேட்கப்படும் என்ற பயம் போனதும் தொடுகை மீண்டும் இனிக்கும். கவனத்தை உடம்பின் உணர்வில் நிறுத்தும் பயிற்சியால் பலன் இருப்பதைக் கனடாவில் லோரி புரோட்டோ தொடர்ந்து காட்டி வருகிறார்.

இந்த உதவியைப் பெண்களிடம் சேர்க்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. குடும்பநல மாது, ஊர்ப் பேச்சில் மிட்வைஃப் மிஸ், பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கே வருகிறார். நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டியும் பார்க்கிறார். 35 வயதானவர்களுக்கு 1996 முதல் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. அங்கே அழுத்தமும் சீனியும் மார்பகமும் கர்ப்பப்பை வாசலும் பார்க்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான். மிட்வைஃப் மிஸ்ஸின் அட்டையிலும் கிளினிக் அட்டையிலும் ஒரு கேள்வியைச் சேர்த்து, உம்மாவும் மாமியும் வெளியே நிற்கும்போது கேட்கச் சொல்லுங்கள்: "சேரும்போது வலிக்குதா?"

வாசிக்கும் பெண்ணே, யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். "விருப்பமில்ல" என்று தொடங்க வேண்டாம், அது சொல்லவும் கேட்கவும் கடினம். "வலிக்குது மிஸ், வரண்டுபோய்க் கிடக்கு" என்று சொன்னால் போதும். அதற்கு மருந்து கல்முனையிலேயே கிடைக்கும்.